சயாமுக்குப் போன பெரிய தாத்தாவின் சமாதி எங்கே?

எங்க தாத்தாவோட அண்ணன் நாகப்பட்டினத்துல கப்பலேறி மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். 1941க்குப் பிறகு கடுதாசி இல்லை. ஜப்பான்காரன் சயாம் ரயில் போட இழுத்துட்டுப் போயிட்டான்னு, திரும்பி வந்தவங்க சொன்னதோட சரி.

சயாமையும் பர்மாவையும் இணைச்ச அந்தப் பாதை 415 கிலோமீட்டர். 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. காலராவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் செத்தாங்க.

தாய்லாந்து காஞ்சனபுரியில போர்க் கைதிகளான பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு சிப்பாய்களுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறை இருக்கு. அவங்களுக்கு ராணுவப் பதிவேடு இருந்தது. நம்மாளுங்க தோட்டக் கூலிகள். பேர் எழுதி வைக்க ஆளில்லை. குழி வெட்டி மொத்தமாப் புதைச்சாங்க. அந்த ஊர் புத்தர் கோயில்ல 2023ல தமிழர்களுக்காக ஒரு நடுகல் வச்சிருக்காங்க. எங்களுக்கு அதுதான் அவர் சமாதி.

இறந்த நாள் தெரியாததால தனித் திதி கிடையாது. புரட்டாசி மகாளய அமாவாசைக்குத்தான் எள்ளும் தண்ணியும் இறைக்கிறோம்.

உங்க வீட்டுலயும் மலேயா போய்த் திரும்பாதவங்க இருந்தா, அவங்க வேலை பார்த்த தோட்டத்துப் பேரைப் பெரியவங்ககிட்டக் கேட்டு இப்பவே எழுதி வையுங்க. தேடறதுக்கு அந்தப் பேர்தான் பிடி.