அறிவுசார் குறைபாடுடைய வயதுவந்தோருக்கான உறைவிடப் பராமரிப்பு

அறிவுசார் குறைபாடு (முன்னர் மனவளர்ச்சிக் குறைபாடு எனப்பட்டது) உடைய, 18 வயது நிறைந்தோர் இல்லங்களில் தங்கி வாழப் பெறும் உதவி உறைவிடப் பராமரிப்பு ஆகும். "எங்களுக்குப் பின் யார்?" என்னும் பெற்றோரின் கவலையே பெரும்பாலும் இதற்குத் தொடக்கம்.

சட்டம்

இந்தியாவில் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 இன்படி இவர்களுக்குச் சட்டப் பாதுகாவலரை நியமிப்பது மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் மட்டக் குழுவாகும். அனகாபுத்தூர்க் குடும்பங்கள் செங்கல்பட்டு மாவட்டக் குழுவை அணுகவேண்டும். பாதுகாவலர் 6 மாதங்களுக்குள் சொத்து விவரம் அளிக்கவேண்டும். அவர் கொடுமை செய்தாலோ புறக்கணித்தாலோ, அவரை நீக்குமாறு பெற்றோரோ உறவினரோ பதிவுபெற்ற அமைப்போ விண்ணப்பிக்கலாம். இல்லங்கள் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இன்படி பதிவு பெறவேண்டும்.

தரம்

பதிவு மட்டும் தரத்திற்குச் சான்றாகாது. இங்கிலாந்தின் பிரிசுடல் அருகே இருந்த வின்டர்போர்ன் வியூ தனியார் மருத்துவமனை பதிவு பெற்றதே. அங்கு உள்ளுறைவோர் அடிக்கப்பட்டதை 2011 இல் பிபிசி மறைவாகப் படமெடுத்து வெளியிட்டது. செவிலியர் ஒருவர் முன்பே அனுப்பிய புகார்களைக் கண்காணிப்பு ஆணையம் கவனிக்கவில்லை. 2012 இல் 11 பணியாளர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் 6 பேர் சிறை சென்றனர்.

எனவே அன்றாட வாழ்வையே பார்க்கவேண்டியுள்ளது: உறவினர் முன்னறிவிப்பின்றி வரலாமா, உடையை அவரே தேர்ந்தெடுக்கிறாரா, குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, இரவில் எத்தனை பணியாளர் உள்ளனர். நாற்பது வயதினரையும் "குழந்தை" என்றே அழைப்பதும் இங்குக் கருதத்தக்கது. அன்பால் வந்த வழக்கமே ஆயினும், அவரது விருப்பத்தைக் கேட்காமல் விடுவதற்கு அது வழிசெய்கிறது.