பாட்டில் படித்த துருக்கி மொழி

எண்பதுகளில் கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு பேர்லினுக்குள் வந்த எம்மவர் சிலருக்கு, டொச் மொழி பிடிபடுமுன்னரே துருக்கி மொழி காதில் ஏறிவிட்டது. நாம் கோப்பை கழுவிய சமையலறைகளில் பக்கத்தில் நின்றவர்கள் துருக்கியர். அவர்களுடைய கசெட் நாள் முழுதும் ஓடும். எல்லாம் காதற் பாட்டுகள். எமது பள்ளிக்கூடம் அதுதான்.

அவர்கள் எமக்கு முன்னர் வந்தவர்கள். 1961 ஒக்டோபர் 30இல் மேற்கு ஜேர்மனி துருக்கியுடன் செய்த ஒப்பந்தம் அவர்களைத் தொழிலாளராக அழைத்தது. 1973 நவம்பரில் ஆட்சேர்ப்பு நின்றது. வந்தவர்களில் பலர் தங்கிவிட்டனர். அவர்களுக்காகக் கோல்ன் நகரில் இசைத்தட்டும் கசெட்டும் வெளியாகின. யுக்செல் ஒஸ்காசப் என்ற பாடகி 'கோல்னின் புல்புல்' என்றே பெயர் பெற்றார்.

முதலில் பிடிபட்டது 'செனி செவியோரும்'. 'செனி' என்றால் உன்னை, மற்றது நேசிக்கிறேன். வினை கடைசியில், 'நான்' அதன் வாலில். டொச் வாக்கியத்தில் வினையைத் தேடிக் களைத்த எமக்கு இது தெரிந்த ஒழுங்கை போலிருந்தது. 'கெல்தி' என்றால் வந்தான். 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம். எமது 'ஆம்' அங்கேயும் ஒரு விகுதிதான். இரண்டு மொழிகளும் ஒரே குடும்பமல்ல. சொல்லோடு சொல் ஒட்டும் முறைதான் ஒத்திருக்கிறது.

'ஜானிம்' என் உயிர். 'ஜியெரிம்' என் ஈரல். ஈரற்குலை பதறுது என்று சொல்லும் தாய்மாரிடம் வளர்ந்தவர்களுக்கு இதற்கு அகராதி எதற்கு?

1928இல் துருக்கி அரபு எழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்துக்கு மாறியது. 1932இல் மொழிக் கழகம் அமைத்து அரபு, பாரசீகச் சொற்களைக் களையத் தொடங்கியது. தனித்தமிழ் இயக்கத்தை அறிந்த எமக்கு இது புதினமில்லை. ஆனால் காதலைச் சொல்லும் 'அஷ்க்', ஏக்கத்தைச் சொல்லும் 'ஹஸ்ரெத்' ஆகிய அரபுச் சொற்கள் பாட்டை விட்டுப் போகவில்லை. 'செவ்தா' என்ற காதலும் அரபு மருத்துவத்தின் கரும்பித்தத்திலிருந்து வந்தது. தீராத காதலுக்கு அதன்முன் இன்னொரு கறுப்பைச் சேர்த்து 'கரா செவ்தா' என்பார்கள். அந்நிய மண்ணைக் குறிக்கும் 'குர்பெத்' பாட்டுக்குப் பாட்டு வரும். மேற்குத் திசைக்கும் அந்நியத்துக்கும் அரபில் வேர் ஒன்றே. மேற்கே வந்த எமக்கு அதைப் பிறகு அறிந்தபோது சிரிப்பு வரவில்லை.

பாட்டு மொழிக்கு ஒரு குறை இருந்தது. ஒரு மாதம் எமது சம்பளத்தில் பல மணித்தியாலங்கள் காணாமற் போயின. முதலாளியும் துருக்கியர். பிரிவைச் சொல்ல எத்தனையோ சொல் தெரிந்த எமக்கு, கணக்குக் கேட்க ஒரு சொல்லும் வரவில்லை. பக்கத்தில் நின்று கோப்பை கழுவிய துருக்கியர் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கேட்டார். அவர் பேசியதில் எமக்கு விளங்கியது ஒரே சொல். எம்மைக் காட்டி 'கர்தெஷிம்' என்றார்.

சகோதரன் என்று பொருள். 'கரின்' என்றால் வயிறு. ஒரு வயிற்றைப் பகிர்ந்தவன் 'கர்தெஷ்'. சகோதரன் என்ற சொல்லுக்குள்ளும் அதே வயிறுதான் இருக்கிறது.