காதை ஏமாற்றிய கணக்கு



எம்.பி.3 பிறந்தது ஜெர்மனியின் எர்லாங்கனில். 1980களில் பேராசிரியர் டீட்டர் சைட்சர் தொலைபேசிக் கம்பியில் இசையை அனுப்ப நினைத்தார். நடக்காத காரியம் என்றார் காப்புரிமை ஆய்வாளர். சைட்சரின் ஆய்வு மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் விடவில்லை. (மாணவர் என்றால் அப்படி இருக்க வேண்டும்!)

சி.டி.யில் நொடிக்கு 14 லட்சம் பிட்டுக்கு மேல் ஓடும். பலத்த ஒலி அருகிலுள்ள மெல்லிய ஒலியை நம் காதுக்கு மறைத்துவிடும். மறைவதை நீக்கினால் 1,28,000 பிட்டே போதும், அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. ஆனால் சூசன் வேகா பக்கவாத்தியமே இல்லாமல் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டைச் சுருக்கியதும் குரல் கெட்டது. ஒற்றைக் குரலில் பிழையை மூடி மறைக்க வேறு ஒலி ஏது? அதையே திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்தினார். 1995 ஜூலை 14இல்தான் கோப்புக்கு எம்.பி.3 என்ற பின்னொட்டை முடிவு செய்தார்கள்.

நீக்கியது நீக்கியதுதான். பிறகு ஃபிளாக்காக மாற்றினாலும் திரும்பி வராது. புளூடூத் வேறு, கோப்பை விரித்து, எஸ்.பி.சி. போன்ற முறையில் இன்னொரு தடவை சுருக்கித்தான் காதுக்கு அனுப்புகிறது. ஆகவே தாத்தா, பாட்டி குரல் உள்ள கேசட்டைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் முதலில் வேவ் அல்லது ஃபிளாக்கில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்புக்கு எம்.பி.3 பிறகு செய்துகொள்ளலாம்.