சூட்டுக்கோல் முதல் ரப்பர் வளையம் வரை

வாய்விட்டுச் சொல்ல நாம் கூசும் நோய்கள் சில உண்டு. மூலநோய் அவற்றுள் ஒன்று. மலத்தோடு இரத்தம் போவதை மனைவி கணவனிடம் சொல்வதில்லை. தகப்பன் மகனிடம் சொல்வதில்லை. வெட்கம் ஒரு காரணம். "ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுத்துவிடுவார்கள்" என்ற அச்சம் இன்னொரு காரணம். இந்த அச்சம் எப்படி வந்தது? இன்றும் அதற்கு இடமுண்டா? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

ஆசனவாயின் உட்புறத்தில், இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திண்டுகள் எல்லாருக்கும் உண்டு. மலச்சிக்கலாலும், முக்குவதாலும், கர்ப்ப காலத்து அழுத்தத்தாலும் அவை வீங்கிச் சரிகின்றன. இதுவே உள்மூலம். வாயோரத்தில் தோலுக்கு அடியில் எழுவது வெளிமூலம்.

நோய் பழையது, மருத்துவமும் பழையது. கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களில், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மூலத்தைச் சுடும் முறை கூறப்பட்டுள்ளது. இந்தியாவின் சுசுருத சங்கிதையோ நான்கு வழிகளைச் சொல்கிறது: மருந்து, காரம், நெருப்பு, கத்தி. மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் நோயாளி பட்ட பாட்டை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

1835இல் இலண்டனில் பிரெடரிக் சால்மன் என்ற மருத்துவர், இவ்வகை நோய்களுக்கென்றே ஏழு படுக்கைகளோடு ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். அதுவே பின்னர் புகழ்பெற்ற செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை ஆயிற்று. 1869இல் டப்ளின் நகரத்து மருத்துவர் ஜான் மார்கன், மூலத்தில் இரும்புச் சத்து மருந்தை ஊசியால் செலுத்திச் சுருங்கச் செய்தார். கத்தியில்லாச் சிகிச்சைக்கு அது ஒரு தொடக்கம். ஆயினும் 1937இல் மில்லிகன், மார்கன் முதலியோர் விளக்கிய அறுவை முறையே நெடுங்காலம் முதலிடம் வகித்தது. அது நல்ல முறைதான். ஆனால் புண் ஆற வாரங்கள் ஆகும், வலியும் மிகுதி. நம் முன்னோர் கேட்டுப் பயந்த கதை இதுதான்.

திருப்பம் 1963இல் வந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து மருத்துவர் பேரன், உள்மூலத்தின் அடியில் சின்னஞ்சிறு ரப்பர் வளையத்தை மாட்டும் முறையை வெளியிட்டார். அவருக்கு முன் பிளெய்ஸ்டெல் என்பவர் நூலால் கட்டிப் பார்த்திருந்தார். நூலுக்குப் பதில் ரப்பர் வந்ததும் வேலை எளிதாயிற்று.

அது எப்படி வேலை செய்கிறது? வளையம் இறுகியதும் இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. ஒரு வாரம், பத்து நாளில் மூலம் வாடி, வளையத்தோடு விழுந்துவிடுகிறது. உள்மூலம் எழும் இடத்தில் வலியுணரும் நரம்புகள் இல்லை. ஆகவே மயக்க மருந்து வேண்டாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். இரண்டொரு நாள் கனமாக இருப்பது போலத் தோன்றலாம். வெளிமூலத்துக்கு இது ஆகாது. அங்கே வலி நரம்புகள் உண்டு. முற்றிச் சரிந்துவிட்ட மூலத்துக்கு இன்றும் அறுவை தேவைப்படலாம்.

1877இல் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு வந்த 22 கன்றுகளிலிருந்து மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் வளர்ந்தன. விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டிமாருக்கு, அந்தப் பால் ஒருநாள் மருந்தாகவும் பயன்படும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ரப்பர் பால் உடம்புக்கு ஒவ்வாதவர்களுக்கு இப்போது வேறு பொருளால் ஆன வளையங்களும் உண்டு.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். இரத்தம் போவதெல்லாம் மூலமல்ல. குடலில் உண்டாகும் புற்றுநோயும் அப்படியே தொடங்கலாம். நாமே மூலம் என்று முடிவுசெய்து நாட்டு மருந்தும் களிம்பும் தேடி மாதங்களைக் கழிப்பது ஆபத்து. மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுவோர் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். வளையம் போட்டபின் காய்ச்சல், கடும் வலி, மிகுந்த இரத்தப்போக்கு, சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கீரையும் காய்கறியும் நிறையச் சேர்ப்போம். தண்ணீர் போதிய அளவு குடிப்போம். மலம் வரும்போது அடக்காதிருப்போம். சூட்டுக்கோலின் காலம் போய்விட்டது. அதன் அச்சத்தை மட்டும் நாம் ஏன் இன்னும் சுமக்கவேண்டும்? வீட்டில் யாராவது தயங்கித் தயங்கிச் சொன்னால், சிரிக்காமல் கேட்போம். மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.