பாய்மரப் படகில் பிளக் பாயிண்ட் மின்தடை

துறையில் கட்டிய பாய்மரப் படகின் பிளக் பாயிண்டுகளுக்குக் கரை மின்சாரம் வராமல் போகும் பழுது. விளக்கு, பம்பு, ரேடியோ ஆகியவை பொதுவாக 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவதால் அவை வழக்கம்போல் இயங்கும்.

மின்பாதை: துறைக் கம்பம், கேபிள், படகின் இணைப்புவாய், மெயின் பிரேக்கர், கிளை பிரேக்கர், பிளக் பாயிண்ட். சிறு படகுகளுக்கான இணைப்பு வட அமெரிக்காவில் பெரும்பாலும் 120 வோல்ட், 30 ஆம்பியர். ஐரோப்பாவில் 230 வோல்ட், 16 ஆம்பியர். பழுது இந்த மின்பாதையில் எங்கும் இருக்கலாம்.

காரணங்கள்: அமெரிக்கப் படகுகளில் முதலில் பார்க்க வேண்டியது கசிவுக் காப்புள்ள பிளக் பாயிண்ட். சுமார் 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது மின்சாரத்தைத் துண்டிக்கும். அதன் பின்னால் இணைந்த எல்லாப் பாயிண்டுகளும் அணையும். அதன் ரீசெட் பொத்தானை அழுத்தினாலே பலமுறை வேலை முடிந்துவிடும். அது மீண்டும் மீண்டும் துண்டித்தால் பெரும்பாலும் ஈரமோ பழுதான கருவியோ காரணம்.

அடுத்தது கேபிள் முனை. உப்புக்காற்றில் பித்தளை முள் அரித்துத் தொடர்பு தளர்ந்தால் சூடேறும். முள் கறுத்து, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகும். அத்தகைய முனையைச் சுரண்டிப் பயன்படுத்தாமல் மாற்ற வேண்டும். படகின் அதிர்வில் பாயிண்டுக்குப் பின்னுள்ள திருகுகளும் தளரும்.

எச்சரிக்கை: பிளக் பாயிண்ட் அல்லது பிரேக்கர் பெட்டியைத் திறக்குமுன் கம்பத்தின் பிரேக்கரை அணைத்து, கேபிளைக் கழற்ற வேண்டும், இன்வெர்ட்டரையும் நிறுத்த வேண்டும்.