நேரம் சொல்லும் பலகை: உஸ்துர்லாப் முதல் டேப்லட் வரை



டேப்லட் என்றும் பலகைக் கணினி என்றும் நாம் வழங்கும் கருவிக்கு அரபு மொழியில் 'அல்ஜிஹாஸுல் லவ்ஹிய்யு' என்று பெயர். லவ்ஹ் என்றால் பலகை. மூஸா (அலை) அவர்களுக்கு அருளப்பட்ட பலகைகளைக் குறிக்க அஃராஃப் அத்தியாயத்தில் வருவதும் இச்சொல்லின் பன்மையே. மொராக்கோவிலும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் குர்ஆன் ஓதும் சிறுவர்கள் மரப்பலகையில் மையினால் பாடம் எழுதி, மனனமானதும் கழுவிவிட்டு அடுத்த பாடத்தை எழுதும் வழக்கம் இன்றும் உண்டு. அந்தப் பலகையும் லவ்ஹ் தான். எழுதவும் அழிக்கவும் மீண்டும் எழுதவும் கையில் ஏந்தக்கூடிய பலகை என்னும் எண்ணம் நம் மரபுக்குப் புதிதன்று என்பதற்காகவே இதனை முதலில் சொன்னோம்.

மின்னணுப் பலகையின் வரலாறு குறுகியது. 1972-இல் ஆலன் கே என்னும் அமெரிக்க அறிஞர், எல்லா வயதுக் குழந்தைகளும் கையில் வைத்துக் கற்கத்தக்க ஒரு கணினியைக் கட்டுரையாகக் கற்பனை செய்தார். அதற்கு 'டைனாபுக்' என்று பெயருமிட்டார். 2008-இல் ஆப்பிள் நிறுவனம் செயலிகளுக்கெனத் தனி அங்காடியைத் திறந்தது; 2010 ஏப்ரலில் அதன் ஐபேட் விற்பனைக்கு வந்தது. 2011 அக்டோபரில் நம் நாட்டு அரசு 'ஆகாஷ்' என்னும் மலிவு விலைப் பலகையை மாணவர்களுக்கென அறிமுகம் செய்தது. பிறகு 2020-இல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, அதுவரை இக்கருவியை வாங்க எண்ணாத பல குடும்பங்களும் பிள்ளைகளின் பாடத்திற்காக வாங்கின. பள்ளிகள் திறந்தன, பலகை வீட்டிலேயே தங்கிவிட்டது. இப்போது அது பெரும்பாலும் காணொளி பார்க்கவே பயன்படுகிறது. தொழுகை நேரச் செயலி ஒன்றும் அதில் இருக்கும். என்றோ ஒருவர் பதிவிறக்கியது; பாங்கு சொல்லும்; அதற்கு மேல் அதனை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இந்த அலட்சியத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதனை விளங்கிக்கொள்ள இக்கருவியின் மூதாதையரைச் சற்றுச் சந்திக்க வேண்டும்.

ஜிப்ரீல் (அலை) அவர்கள் இரு நாட்கள் நபி (ஸல்) அவர்களுக்குத் தொழுகை நடத்தி, ஒவ்வொரு வக்தின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டித் தந்ததை நாம் அறிவோம். அங்கே அளவுகோல்கள் நிழலும் செவ்வானமும் விடியலின் வெண்மையும் ஆகும். இஸ்லாம் பல தேசங்களுக்குப் பரவியபோது இவற்றை எண்களாக்கும் தேவை எழுந்தது. உஸ்துர்லாப் என்னும் கருவி கிரேக்கர்களிடமிருந்து வந்தது. அதனைத் துலக்கிப் பெருக்கியவர்கள் முஸ்லிம் அறிஞர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி அதன் பயன்பாடு குறித்து எழுதினார். இன்று எல்லாச் செயலிகளின் உள்ளேயும் இயங்கும் கணக்கு நெறிக்கு 'அல்காரிதம்' என்று பெயர் வந்தது அவருடைய பெயரிலிருந்துதான். பித்தளைத் தகட்டில் விண்மீன்களைப் பொறித்த அக்கருவி கையில் ஏந்தத்தக்கது. ஒரே தகட்டில் நேரம் பார்க்கலாம், சூரிய உயரம் அளக்கலாம், கிப்லாவின் திசையும் காணலாம். முகலாயர் காலத்து லாகூரில் உஸ்தாத் அல்லாஹ்தாதின் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இதனைச் செய்துவந்தனர்.

பத்தாம் நூற்றாண்டில் ஹலபு நகரின் ஸைஃபுத் தவ்லாவிடம் பணியாற்றிய பெண்மணி ஒருவரையும் உஸ்துர்லாப் செய்வோர் பட்டியலில் இப்னு நதீம் சேர்த்திருக்கிறார். 'மர்யம்' என்ற பெயரோடு பல கதைகள் இவரைப் பற்றிச் சமூக ஊடகங்களில் உலவுகின்றன. இப்னு நதீம் சொல்வது அல்இஜ்லிய்யா என்ற பெயர், அவர் பணி செய்த இடம் போன்ற சில குறிப்புகளை மட்டுமே. அது போதுமே, ஏன் கூட்ட வேண்டும்?

கருவியை ஐயத்தோடு நோக்கியவர்களும் அன்றே இருந்தனர். ரோமானிய மாதங்கள் பொறிக்கப்பட்ட நேரக்கருவி ஒன்றை, பிற சமயத்தாருக்கு ஒப்பாகிவிடும் எனச் சொல்லிப் பள்ளிவாசலைச் சேர்ந்த ஒருவர் மறுத்துவிட்டதை அல்பீரூனி நிழல்கள் பற்றிய தம் நூலில் குறிப்பிடுகிறார். அப்படியானால் அவர்கள் உணவும் உண்கிறார்களே, அதையும் விட்டுவிட வேண்டியதுதானே என்ற பொருளில் அவருக்கு விடை கொடுத்ததாகவும் எழுதுகிறார். டேப்லட்டைக் கண்டு முகஞ்சுளிக்கும் பெரியவர்களிடம் இந்நிகழ்ச்சியை நாம் சொல்வதுண்டு. சிலர் சிரிப்பார்கள், சிலர் சிரிப்பதில்லை.

நம் பொருளுக்கு மிக நெருங்கியவர் திமிஷ்கின் இப்னுஷ் ஷாத்திர் (ரஹ்) ஆவார். பதினான்காம் நூற்றாண்டில் உமய்யா பெரிய பள்ளியில் அவர் 'முவக்கித்' பதவி வகித்தார். முவக்கித் என்பவர் தொழுகை நேரங்களைக் கணித்துச் சொல்வதற்கென்றே பள்ளிவாசலில் அமர்த்தப்பட்ட வானியல் அறிஞர். 1371-இல் அப்பள்ளியின் மினாராவில் பெரிய நிழற்கடிகாரம் ஒன்றை அவர் அமைத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, கையடக்கமான ஒரு பெட்டியையும் செய்திருந்தார். அதற்கு 'ஸுந்தூக்குல் யவாக்கீத்', அதாவது மாணிக்கப் பெட்டி, என்று பெயர். காந்த ஊசியும் நிழற்கடிகாரமும் அதனுள் அடங்கியிருந்தன. தொழுகை நேரத்தையும் கிப்லாவையும் அதைக்கொண்டே அறியலாம். ஒரு சிறு பெட்டி, உள்ளே பல பயன்கள். அதே நகரத்தில் அதே நூற்றாண்டில் வாழ்ந்த ஷம்சுத்தீன் அல்கலீலி, ஒவ்வோர் ஊரின் அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் கிப்லாக் கோணத்தைத் தரும் ஏறக்குறைய 3,000 எண்கள் கொண்ட அட்டவணையைக் கணித்தார். நம் செயலி நொடிப்பொழுதில் செய்வதை அவர் கையினால் செய்தார்.

முவக்கித் பெயர் தெரிந்த ஒரு மனிதர். எந்த மத்ஹபின்படி அஸருக்குக் கணிக்கிறார், விடியலை எந்தக் கோணத்தில் கொள்கிறார் என்று ஊரார் அவரிடம் கேட்கலாம். செயலியின் முவக்கித் யார்? எங்கோ அமர்ந்து மென்பொருள் எழுதிய ஒருவர் முன்கூட்டியே சில தெரிவுகளைச் செய்து வைத்திருக்கிறார். அவற்றை மாற்றும் உரிமையையும் 'அமைப்புகள்' என்ற பகுதியில் நமக்கே தந்திருக்கிறார். ஆகவே டேப்லட் உள்ள வீட்டில் ஒருவராவது முவக்கித்தின் வேலையைச் செய்தாக வேண்டும். வாப்பாவோ உம்மாவோ கல்லூரி செல்லும் பிள்ளையோ, யாராயினும் சரி.

முதலில் அஸர். ஷாஃபிஈ, மாலிகி, ஹம்பலி மத்ஹபுகளின்படி, நண்பகல் நிழல் நீங்கலாக ஒரு பொருளின் நிழல் அதன் நீளத்திற்குச் சமமாகும்போது வக்து தொடங்குகிறது. ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கூற்றுப்படி இருமடங்காகும்போது. தமிழகத்தில் இவ்விரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணி நேரம் உண்டு. கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் மிகுதியாக வாழும் நம் சமூகத்தில், திருமணத்தால் இரண்டும் ஒரே வீட்டில் கூடுவதும் இயல்பு. பல செயலிகளில் முதல் மூன்று மத்ஹபுகளின் முறைக்கு 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரிட்டு அதையே இயல்பாக வைத்திருக்கிறார்கள். ஹனஃபி வீட்டில் அச்சொல்லைப் பார்ப்பவர் அது பொதுவானது போலும் என்று எண்ணி விட்டுவிடுகிறார். மத்ஹபைத் தெரிவு செய்யும் இடம் அதுதான் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அடுத்தது ஃபஜ்ர், இங்கேதான் நோன்பே தொங்கிக்கொண்டிருக்கிறது. சூரியன் அடிவானத்திற்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும்போது விடியல் தொடங்குகிறது என்பதில் கணிப்பு முறைகள் வேறுபடுகின்றன. கராச்சி முறையும் உலக முஸ்லிம் லீக் முறையும் 18 பாகை கொள்கின்றன; எகிப்து முறை 19.5; வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கத்தின் முறை 15. நம் பகுதியில் ஒரு பாகைக்கு நான்கு நிமிடங்களுக்குச் சற்று அதிகமாகும். 18-க்கும் 15-க்கும் இடையே ஏறக்குறைய 13 நிமிடங்கள். உங்கள் பள்ளிவாசல் அட்டவணை 18 பாகையில் அமைந்திருக்க, உங்கள் டேப்லட் வட அமெரிக்க முறையில் இருந்தால், பள்ளியில் பாங்கு சொன்ன பின்னும் வீட்டில் ஸஹர் உணவு நடந்துகொண்டிருக்கும். ஆகவே ஷஅபான் மாதத்திலேயே ஒரு நாள் பள்ளியின் அச்சிட்ட அட்டவணையைப் பக்கத்தில் வைத்து ஐந்து வக்துகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரிரு நிமிட வேறுபாடு பேணுதலுக்காகச் சேர்த்ததாக இருக்கலாம். பல செயலிகளில் ஒவ்வொரு வக்துக்கும் நிமிடங்களைக் கூட்டவும் குறைக்கவும் வழியுண்டு. பத்து நிமிடங்களுக்கு மேல் விலகினால் முறையே வேறென்று பொருள்.

இருப்பிடத்தையும் கவனிக்க வேண்டும். வைஃபை மட்டுமே கொண்ட டேப்லட்டுகள் பலவற்றில் செயற்கைக்கோள் வழி இடமறியும் வசதி இருப்பதில்லை. அருகிலுள்ள வைஃபை இணைப்புகளைக் கொண்டே ஊரை ஊகிக்கின்றன. இணையமில்லாத இடத்திற்குப் போனால் பழைய ஊரையே பிடித்துக்கொண்டிருக்கும். சென்னையிலிருந்து காயல்பட்டினத்துக்கு விடுமுறைக்குச் செல்லும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஜூன் மாதத்தில் இரு ஊர்களிலும் மஃரிப் ஏறக்குறைய ஒரே நேரம், யாதொரு தீங்குமில்லை. டிசம்பரிலோ காயல்பட்டினத்தில் சூரியன் மறைவது சென்னையைவிட ஏறக்குறைய 16 நிமிடங்கள் பிந்தி. நஃபில் நோன்பு நோற்ற பாட்டியார், பேரனின் டேப்லட்டில் பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழத்தை வாயிலிட்டால் என்னாவது? ஊர் மாறியதும் ஊரின் பெயரைக் கையாலேயே தெரிவு செய்துவிடுவது நலம்.

கையால் தெரிவு செய்வதில் இன்னொரு பயனும் உண்டு. 2020 நவம்பரில், உலகில் மிகப் பெரிதும் பயன்படும் ஒரு தொழுகை நேரச் செயலி, தன் பயனர்களின் இருப்பிடத் தகவலை ஒரு தரவு நிறுவனத்திற்கு அளித்து வந்தது என்றும், அந்நிறுவனம் அமெரிக்க இராணுவ ஒப்பந்ததாரர்களுக்குத் தகவல் விற்றது என்றும் செய்தி வெளியாயிற்று. அத்தொடர்பை முறித்துக்கொள்வதாகச் செயலியினர் அறிவித்தனர். இப்னுஷ் ஷாத்திரின் பெட்டி நாம் எங்கிருக்கிறோம் என்பதைப் பிறரிடம் சொல்லாது. இருப்பிட அனுமதியை மறுத்து, ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்தால் நேரக் கணக்குக்கு அதுவே போதுமானது.

குர்ஆன் செயலிகளைப் பற்றி மக்தப் ஆசிரியர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஹிஃப்ளு செய்யும் பிள்ளை வசனத்தை மட்டும் மனனம் செய்வதில்லை. அது பக்கத்தில் எங்கே இருந்தது, மேலா கீழா, வலமா இடமா என்பதும் சேர்ந்தே நெஞ்சில் பதிகிறது. மதீனாவில் மன்னர் ஃபஹ்து அச்சகம் 1984 முதல் வெளியிட்டுவரும் உஸ்மான் தாஹாவின் எழுத்திலான முஸ்ஹஃப் 604 பக்கங்கள் கொண்டது; பெரும்பாலான செயலிகள் இதையே காட்டுகின்றன. நம் மத்ரஸாக்களில் பல பிள்ளைகள் ஓதுவதோ இந்தியத் துணைக்கண்ட எழுத்து முறையிலான பிரதிகளில். காலையில் ஒரு பக்க அமைப்பு, இரவில் டேப்லட்டில் வேறோர் அமைப்பு என்றானால் பிள்ளை தடுமாறும். உஸ்தாத் தந்த பிரதி எதுவோ அதன் அமைப்பையே செயலியிலும் தேடித் தெரிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் டேப்லட்டைப் பார்த்து ஓதுவதற்குப் பதில் கேட்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். கேட்பதற்கு அது மிக நல்ல கருவி. எகிப்தின் ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி (ரஹ்) அவர்களின் முழுக் குர்ஆன் ஒலிப்பதிவு 1961-இல் இசைத்தட்டுகளில் வெளிவந்தது. இன்று ஒரே வசனத்தைப் பத்து முறை திரும்ப ஓதச் செய்யலாம். வைஃபை உள்ளபோது தேவையான அத்தியாயங்களைப் பதிவிறக்கி வைத்துவிட்டு, இணையத்தை அணைத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தால் விளம்பரமும் காணொளியும் குறுக்கிடா.

இறுதியாகக் கிப்லா. காந்த ஊசியைக் கொண்டு கிப்லா காண்பது குறித்து யமன் நாட்டு சுல்தான் அல்அஷ்ரஃப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதினார். நம் கிப்லாச் செயலியும் காந்த உணரியை நம்பியே இயங்குகிறது. விலை குறைந்த டேப்லட்டுகள் பலவற்றில் அவ்வுணரியே இல்லை. அம்புக்குறி அசையாமல் நிற்கும், அல்லது மனம்போன போக்கில் சுழலும். உணரி இருந்தாலும், காந்தம் வைத்த மூடியுறையும் அருகிலுள்ள இரும்பு பீரோவும் அதனைத் திசைதிருப்பும். உறையைக் கழற்றி, அறையின் நடுவே வைத்துப் பார்க்க வேண்டும். கணக்கின்படி சென்னையில் கிப்லா நேர் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை; காயல்பட்டினத்தில் சுமார் 24, கொழும்பில் சுமார் 25. இந்த எண்ணுக்கு வெகு தொலைவில் அம்பு நின்றால் ஐயம் கொள்ளுங்கள்.

உங்கள் டேப்லட்டைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாத வழி ஒன்றுண்டு. நஸீருத்தீன் தூஸி பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே விளக்கியது. ஆண்டில் இருமுறை சூரியன் கஅபாவின் உச்சிக்கு நேராக வருகிறது: மே 28-ஐ ஒட்டி இந்திய, இலங்கை நேரப்படி பிற்பகல் 2.48-க்கும், ஜூலை 16-ஐ ஒட்டி 2.57-க்கும். அந்நேரத்தில் மொட்டைமாடியில் ஒரு கம்பை நேராக நட்டு, நிழலின் நுனியிலிருந்து கம்பின் அடியை நோக்கி நில்லுங்கள். நீங்கள் நோக்குவது கிப்லா. அக்கோட்டைச் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து, பக்கத்தில் டேப்லட்டை வைத்து அம்புக்குறியை ஒப்பிடப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். மே மாதத்தில் மேகம் மறைத்தால் ஜூலை இருக்கிறது.