நீ என்றும் அவன் என்றும்

ஆண்டு ஒன்பதில் மூவிடப் பெயர் படிப்பிக்கும்போது, முன்னிலையில் தொடங்கிய வாக்கியத்தைப் படர்க்கையில் முடிக்கும் பிள்ளையின் கொப்பியில் சிவப்புக் கோடு போடுவது என் வழக்கம். யூதர்களின் அன்றாடத் துதிகளைப் பற்றி வாசித்தபோது அந்தக் கோடு நினைவுக்கு வந்தது.

ரொட்டியைப் பிய்க்குமுன், பழத்தைக் கடிக்குமுன், இடிமுழக்கம் கேட்டால், மலசலகூடம் போய் வந்தால்கூட யூதருக்கு ஒரு சிறு துதி உண்டு. நாளொன்றுக்கு 100 என்பது தல்மூது சொல்லும் கணக்கு. ஓய்வுநாளை வரவேற்க விளக்கேற்றும் பெண் இறைவனை 'நீ' என்று விளித்துத் தொடங்குகிறாள்; அதே வாக்கியத்திலேயே, கட்டளை தந்தவனைப் பற்றிப் பேசுமிடத்தில் 'அவன்' என மாறிவிடுகிறாள். நமது சூரா பாத்திஹாவில் இது மறுதலையாக நடக்கிறது: படர்க்கையில் புகழ்ந்து முன்னிலைக்கு வருகிறோம். அரபு அணியிலக்கணகாரர் இதனை 'இல்திபாத்' என்பர்.

அடுப்படிக்கும் வரக்கூடிய அண்மை, பெயர்கூடச் சொல்லவொண்ணாத தூரம். யூதரின் இறைவன் இவ்விரண்டுக்கும் நடுவே வாழ்ந்திருக்கிறான். வேதத்திலுள்ள நான்கெழுத்துப் பெயரை அவர்கள் உச்சரிப்பதில்லை. சாதாரணப் பேச்சில் 'ஹஷேம்' என்பார்கள். 'அந்தப் பெயர்' என்பதே அதன் பொருள். நமது 'இஸ்ம்' என்ற சொல்லின் உடன்பிறப்பு அது.

ஆனாலும் மனம் உருவம் கேட்கிறது. வேதத்திலேயே இறைவனின் கையும் முகமும் வருகின்றன. தொழும்போது யூத ஆண்கள் தலையிலும் கையிலும் கட்டும் தோற்பேழைகளை இறைவனும் அணிகிறான் என்று தல்மூதில் ஒரு பேச்சு உண்டு. யூப்ரடீஸ் கரையிலுள்ள தூரா யூரோபோஸ் நகரின் யூத ஆலயச் சுவர்களில், 1932இல் மண்ணை அகற்றியபோது, ஏறத்தாழ 245இல் தீட்டப்பட்ட ஓவியங்கள் வெளிப்பட்டன. உருவச்சிலை கூடாதென்ற சமூகம் தீட்டியவை! அவற்றில் இறைவன் இல்லை. மேலிருந்து நீளும் ஒரு கை மட்டும் இருக்கிறது. அந்த ஓவியன் எவ்வளவு யோசித்திருப்பான்.

இந்தக் கையைத்தான் மூஸா இப்னு மைமூன் மனங்களிலிருந்து அழிக்க முயன்றார். கொர்தோவாவில் பிறந்து 1204இல் எகிப்தில் மறைந்தவர். ஸலாஹுத்தீனின் அரசவையில் வைத்தியம் பார்த்தவர். நம்மவர் தமிழை அரபு எழுத்தில் எழுதியதுபோல, தம் தத்துவ நூலை அரபு மொழியில் ஹீப்ரு எழுத்தில் எழுதினார். இறைவன் இன்னதல்லன் என்றே சொல்லலாம், இன்னவன் என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதம். அவனுக்கு உடலில்லை என்பதைச் சிறுவருக்கும் பாமரருக்கும்கூடச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். அதுவரை ஓர் ஆசிரியனாக நான் அவர் பக்கம்தான். ஆனால் 'மிஷ்னே தோரா' என்ற சட்டத்தொகுப்பில் இன்னும் ஓர் அடி வைத்தார்: இறைவன் ஒருவனே, ஆனால் உடலும் உருவமும் உள்ளவன் என்று சொல்பவரும் மார்க்கத்துக்கு வெளியே நிற்பவர்.

எழுத்தறியாத என் உம்மும்மா கூரைமுகட்டைக் காட்டி, "அவன் பாத்துக்கிட்டிரிக்கான் மகன்" என்பார். அவர் கண்ட கண்கள் எப்படிப்பட்டவை என்று நான் கேட்டதில்லை. இத்தகையவர்கள் யூதக் குடும்பங்களிலும் இருந்திருப்பார்களே, அவர்களை எங்கே நிறுத்துவது?

இதே கேள்வியைத் தென் பிரான்சில் வாழ்ந்து 1198இல் மறைந்த ஆபிரகாம் பென் தாவீது கேட்டார். ராபத் என்று சுருக்கி அழைப்பார்கள். இறைவனுக்கு உடலுண்டு என்பதற்காக அவர் வாதாடவில்லை. வேத வசனங்களையும், அவற்றிலும் அதிகமாக மனதைக் குழப்பும் பழங்கதைகளையும் பார்த்து, மைமூனிலும் பெரியவர்களும் நல்லவர்களும் அப்படி எண்ணியிருக்கையில், அவர்களை எப்படி வெளியே தள்ளுவது என்றுதான் சினந்தார்.

பின்னாளில் மைமூனின் கருத்தே நிலைத்தது. உடலற்றவன் என்பது அவர் வகுத்த 13 கோட்பாடுகளில் மூன்றாவது. யூதர் அதனைப் பாட்டாகவே பாடுகிறார்கள். பாடி முடித்த வாயால் தந்தையே, அரசனே என்று விளித்து மன்னிப்பும் கேட்கிறார்கள். மிஷ்னே தோராவின் வழமையான அச்சுப் பதிப்புகளிலோ, மைமூனின் தீர்ப்பு உள்ள அதே பக்கத்தில், ஓரத்தில் சிறிய எழுத்தில் ராபதின் மறுப்பும் அச்சாகிறது.